பெயரில்லா முகமும் முகமில்லாப் பெயரும்

அயர்லாந்து நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் பழைய நிழற்படம் ஒன்று இருப்பதுண்டு. பேழையின் அடியிலோ, திருமறை நூலின் தாள்களுக்கு இடையிலோ அது கிடக்கும். படைவீரர் உடையணிந்த இளைஞர் ஒருவர் அதில் நிமிர்ந்து நிற்பார். தலையில் சின்னம் பொறித்த தொப்பி. பின்னால் வண்ணந் தீட்டிய திரைச்சீலை. பக்கத்தில் ஒரு சிறு மேசை. படத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். வீட்டில் மூத்தவரைக் கேட்டால், பாட்டனாரின் தமையனாக இருக்கலாம் என்பார். வேறொருவர், அவர் தாய்வழி உறவினர் என மறுப்பார். இவர் யார்? எந்தப் படையில் இருந்தார்? எங்கே மாண்டார்? இவ்வினாக்களோடுதான் ஒரு குடும்பத்தின் தேடல் தொடங்குகிறது.

இவ்வாறு தேடுவோர் இருவகைச் சான்றுகளை நாடுகின்றனர். ஒன்று நிழற்படம், மற்றொன்று எழுத்துப் பதிவு. முன்னதில் முகம் உண்டு, பெயர் இல்லை. பின்னதில் பெயர் உண்டு, முகம் இல்லை. இரண்டையும் இணைத்துவிட்டால் முன்னோர் கிடைத்துவிட்டார் என்று தேடுவோரின் உள்ளம் மகிழ்கிறது. அந்த இணைப்பு எவ்வளவு உறுதியானது என்று கேட்பதே திறனாய்வின் கடமை. ஓர் இலக்கியப் பனுவலை யார் படைத்தார், எதற்காகப் படைத்தார், எதைச் சொல்லாமல் விட்டார் எனக் கேட்டு ஆராய்வது போலவே இச்சான்றுகளையும் ஆராய இயலும். அதற்குத் தக்க எடுத்துக்காட்டுகள் இரண்டு உள. ஒன்று, 1916ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் எடுக்கப்பெற்ற புகழ்பெற்ற நிழற்படம். மற்றொன்று, 1923ஆம் ஆண்டு டப்ளின் நகரில் அச்சான 'அயர்லாந்தின் நினைவுப் பதிவேடுகள்' என்னும் எட்டுத் தொகுதிப் பெருநூல்.

மறக்கப்பட்டதன் காரணம்

சான்றுகளை நோக்குமுன், ஒரு வீரரின் பெயர் அவர் வீட்டிலேயே மறக்கப்பட்டதன் காரணத்தை அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் கொடுத்த நாடுகளுள் அயர்லாந்து முதன்மையானது. 1830ஆம் ஆண்டில் அப்படையின் சாதாரண வீரர்களிலும் கீழ்நிலைப் பதவியாளரிலும் நூற்றுக்கு 42 பேர் அயர்லாந்தினர். நிலமின்மையும் வேலையின்மையும் வறுமையும் அவர்களைப் படைக்கு அனுப்பின. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் போரில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் அயர்லாந்தினர் பிரிட்டிஷ் படைகளில் பணியாற்றினர். அயர்லாந்துக்கு உள்நாட்டு ஆட்சி கிடைக்கும் என்று நம்பிச் சென்றோரும், அவ்வாட்சியைத் தடுக்கலாம் என்று நம்பிச் சென்றோரும், கூலிக்காகச் சென்றோரும் அவர்களுள் இருந்தனர்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் நாடு மாறிவிட்டது. 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் டப்ளினில் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தது. மே மாதத்தில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் மனம் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகத் திரும்பியது. பின்னர் விடுதலைப் போர் நிகழ்ந்து, 1922-இல் புதிய அரசு அமைந்தது. அதே ஆண்டு ராயல் ஐரிஷ் ரெஜிமெண்ட், கன்னாட் ரேஞ்சர்ஸ், லென்ஸ்டர் ரெஜிமெண்ட், ராயல் மன்ஸ்டர் பியூசிலியர்ஸ், ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ் என்னும் ஐந்து படைப்பிரிவுகளும் கலைக்கப்பட்டன. மாற்றான் அரசனின் உடையை அணிந்த மகன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், அவனைப் பற்றி அயலாரிடம் பேசப் பெற்றோர் தயங்கினர். சுவரில் தொங்கிய படம் பேழைக்குப் போயிற்று. பதக்கம் துணியில் சுற்றப்பட்டது. அக்காலத்தில் வீட்டிலுள்ள அனைவரும் அம்முகத்தை அறிவர். ஆதலால் பின்புறத்தில் பெயரெழுதத் தேவையில்லை. அறிந்தோர் மறைந்தபின் எழுதுவதற்கு ஆளில்லை.

போர்க்கள நிழற்படம்

பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் 'கியூ' என்னும் வரிசையில் முதல் எண் பெற்ற படம் ஒன்றுண்டு. குறுகிய இணைப்பு அகழி ஒன்றில் வீரர்கள் நெருக்கியடித்து அமர்ந்திருக்கின்றனர். தலையில் இரும்புக் கவசம், முகத்தில் களைப்பு. சிலர் படக்கருவியை நேரே நோக்குகின்றனர். அவர்கள் ராயல் ஐரிஷ் ரைபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த, உணவுப் பொருள் சுமக்கும் குழுவினர் என்று படக்குறிப்பு கூறுகிறது. சோம் போரின் முதல் நாளான 1916 சூலை 1 அன்று இது எடுக்கப்பட்டது என நம்பப்படுகிறது. அந்த ஒரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையினர் 19,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இப்படத்தின் ஆற்றல் யாது? வெற்றி முழக்கமோ, பாய்ந்து செல்லும் வீரமோ இதில் இல்லை. ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதரைக் காண்கிறோம். நடக்கவிருப்பதை அவர்கள் அறியார், காண்போர் அறிவர். அந்த வேறுபாடே உள்ளத்தை உலுக்குகிறது. முன்னோரைத் தேடும் ஒருவர் இம்முகங்களுள் தம் குடும்பச் சாயலைக் காண முற்படுவது இயல்பேயாகும்.

ஆயினும் படக்குறிப்பைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நாள் 'நம்பப்படுகிறது' என்றே கூறப்படுகிறது. படைப்பிரிவின் முதலாம் பட்டாலியனாக 'இருக்கலாம்' என்றே கூறப்படுகிறது. இச்சொற்களைக் காண்போர் பலர் கருத்தில் கொள்வதில்லை. ராயல் ஐரிஷ் ரைபிள்ஸ் என்ற பெயரைக் கண்டவுடன், அன்று பேரிழப்புக்கு உள்ளான 36ஆவது அல்ஸ்டர் டிவிஷனின் தொண்டர் படையினர் இவர்கள் எனக் கொள்வது எளிது. அந்த டிவிஷனில் இப்படைப்பிரிவின் பல பட்டாலியன்கள் இருந்தன என்பதும் உண்மையே. ஆனால் முதலாம் பட்டாலியன் போருக்கு முன்பிருந்தே இயங்கிய நிலைப்படையைச் சார்ந்தது. அது 8ஆவது டிவிஷனில் இருந்தது. குறிப்பு சரியாயின், இவர்கள் வேறு வகையான மனிதர். வேறு காரணங்களுக்காகப் படையில் சேர்ந்தோர். 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லைத் தாண்டிச் சென்றால் ஒரு வரலாறு வேறொரு வரலாறாகி விடுகிறது.

இப்படத்தில் உள்ளோரின் பெயர்கள் குறிப்பில் இல்லை. இதை எடுத்தவருக்குப் போரைக் காட்டுவது நோக்கம். தனி மனிதரை அடையாளம் காட்டுவது நோக்கமன்று. ஆகவே இது அக்காலத்தின் சான்றாக நிற்குமே தவிர, ஒரு குடும்பத்தின் சான்றாக நில்லாது.

தொப்பிச் சின்னமும் கைப்பட்டையும்

வீட்டுப் பேழையில் கிடக்கும் படமோ வேறு இயல்புடையது. அது வீரர் தம் தாய்க்கோ காதலிக்கோ கொடுப்பதற்காகக் காசு கொடுத்து எடுத்துக்கொண்டது. அதில் தம்மை எவ்வாறு காட்ட விரும்பினாரோ அவ்வாறே அவர் நிற்கிறார். மேசையும் திரையும் படக்கடைக்கு உரியன. உடல்மேல் உள்ளவற்றுள் சில மட்டும் அவர் வரலாற்றைச் சொல்ல வல்லன.

இடக்கையின் கீழ்ப்பகுதியில் செங்குத்தான சிறு கோடு இருப்பின், அது போர்க்காயத்தைக் குறிக்கும். அவ்வடையாளம் 1916ஆம் ஆண்டில் ஏற்பட்டது. வலக்கையின் கீழ்ப்பகுதியில் சிறு கோணப்பட்டைகள் இருப்பின், அவை கடல்கடந்த சேவையைக் குறிக்கும். அவை 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்தவை. எனவே அப்பட்டைகளோடு கூடிய படத்தை 1915-இல் மாண்ட ஒருவருடையது எனக் கூறுதல் பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரும்புத்தகட்டுப் படங்களில் இடவலம் மாறித் தோன்றும். இதனை அறியாதவர், பதக்கம் வலப்பக்கம் இருக்கிறதே என மயங்குவர். இவ்வாறு ஒரு பட்டை, ஒரு பொத்தான், ஒரு பதக்க நாடா ஆகியன படத்தின் காலத்தை ஓர் எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்துகின்றன. பெயரை உறுதிப்படுத்த இயலாவிடினும், பொருந்தாத பெயர்களை விலக்க அவை உதவுகின்றன.

தொப்பிச் சின்னத்தைக் கையாள்வதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. யாழும் முடியும் கொண்ட சின்னங்களை அயர்லாந்துப் படைப்பிரிவுகள் பல அணிந்தன. மங்கிய படத்தில் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளல் எளிது. மேலும், 1916-க்குப் பிறகு இழப்பு மிகுந்ததால் வீரர்கள் ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு அடிக்கடி மாற்றப்பட்டனர். படம் எடுத்தபோது அணிந்த சின்னம் வேறு. மாண்டபோது அணிந்தது வேறாக இருக்கலாம்.

ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ் படைப்பிரிவின் சின்னம் தனித்துத் தெரிவது. தீச்சுடர் எழும் எறிகுண்டு ஒன்றின்மேல் புலியும் யானையும் பொறிக்கப்பட்டிருக்கும். டப்ளின் நகரத்து இளைஞனின் தொப்பியில் புலிக்கும் யானைக்கும் என்ன வேலை என்று கேட்டால், விடை சென்னைக்கு இட்டுச் செல்கிறது. கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னையில் வைத்திருந்த ஐரோப்பியப் படைப்பிரிவு, பின்னர் ராயல் மதராஸ் பியூசிலியர்ஸ் எனப் பெயர் பெற்றது. பம்பாயில் வைத்திருந்தது ராயல் பம்பாய் பியூசிலியர்ஸ் ஆயிற்று. 1881-இல் இவ்விரண்டும் இணைக்கப்பட்டு ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ் உருவாயிற்று. 1857ஆம் ஆண்டுப் புரட்சியின்போது மதராஸ் பியூசிலியர்ஸை நடத்திச் சென்றவர் நீல் என்பவர். அவருடைய சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றதும், அதை அகற்றக் கோரி 1927-இல் போராட்டம் நிகழ்ந்ததும், 1937-இல் அது அகற்றப்பட்டதும் தமிழர் அறிந்தவை.

எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரிஷ் முன்னோர் ஒருவரைத் தேடும் குடும்பம் சென்னை மாகாணத்தின் பதிவேடுகளைப் புரட்ட நேர்வதுண்டு. அங்கு நிகழ்ந்த ஐரோப்பியரின் திருமுழுக்கு, திருமணம், நல்லடக்கம் ஆகியவற்றின் படிகள் ஆண்டுதோறும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. தொப்பியில் பொறித்த சிறு விலங்குருவம் இரு கண்டங்களின் ஏடுகளை இணைத்துக் காட்டுகிறது. கூர்ந்து நோக்கப்படும் நிழற்படம் தரவல்ல பயன் இதுவே.

எட்டுத் தொகுதிப் பெயரேடு

இனி எழுத்துச் சான்றின் பக்கம் திரும்பலாம். போர் முடிந்தபின், அதில் மாண்ட அயர்லாந்தினரின் பெயர்களைத் தொகுக்கும் பணி டப்ளினில் தொடங்கியது. அதன் பயனாக 1923-இல் எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. அச்சானவை நூறு படிகளே. அவற்றில் 49,435 பெயர்கள் அகரவரிசையில் உள. ஒவ்வொரு பெயரின் கீழும் படை எண், பதவி, படைப்பிரிவு, பிறந்த ஊர், இறந்த விதம், இறந்த நாள் ஆகியன கிடைத்த அளவில் தரப்பட்டுள்ளன.

பக்க ஓரங்களை வரைந்தவர் ஹாரி கிளார்க். வண்ணக் கண்ணாடிச் சாளர ஓவியத்தில் அயர்லாந்து கண்ட பெருங்கலைஞர்களுள் ஒருவர் அவர். அவ்வோரங்களில் கொடிப்பின்னல்களுக்கு நடுவே அகழிகளும் வெடிகளும் வானூர்திகளும் படைவீரர்களும் காணப்படுகின்றனர். வீரர்கள் பெரும்பாலும் கருநிழலுருவமாகவே தீட்டப்பட்டுள்ளனர். ஒருவருக்கும் தனி முகம் இல்லை. சில ஓர வரைபடங்களே மாறி மாறிப் பக்கந்தோறும் வருகின்றன. முகமில்லா உருவங்கள் சூழ்ந்து நிற்க, நடுவே பெயர்கள் மட்டும் வரிசையாகச் செல்கின்றன. இறந்தோரைப் பற்றிய உண்மை ஒன்றைக் கலைஞர் தம் தூரிகையால் உணர்ந்து கூறினார் என்றே கொள்ளத் தோன்றுகிறது. மாண்டவர்க்கு எழுப்பிய கையேந்தல் என்ற முறையில் இந்நூல் உயர்ந்தது. அதன் அழகில் ஆரவாரம் இல்லை.

சான்று என்ற முறையில் நோக்கும்போதோ குறை தெரிகிறது. ஐரிஷ் படைப்பிரிவுகளில் இருந்து மாண்ட அனைவரையும், அவர்கள் எந்நாட்டவராயினும், தொகுப்பாளர்கள் சேர்த்துக்கொண்டனர். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிறந்து அப்பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டோர் ஆயிரக்கணக்கில் இதில் உள்ளனர். அயர்லாந்தில் பிறந்ததாகக் குறிக்கப்பட்டோர் ஏறத்தாழ 31,000 பேரே. மறுபுறம், கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் படைகளிலும் கடற்படையிலும் சேர்ந்து மாண்ட அயர்லாந்தினர் பலர் விடுபட்டனர். உரியவரைத் தவறவிட்டு, உரியரல்லாதாரை ஏற்றுக்கொண்ட பட்டியல் இது.

பிழை ஏட்டோடு நின்றிருந்தால் பெருந்தீங்கு இல்லை. டப்ளின் நகரின் ஐலண்ட்பிரிட்ஜ் பகுதியில் லிபி ஆற்றங்கரையில் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த போர் நினைவுப் பூங்கா 1930ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டது. அங்கு 49,400 அயர்லாந்தினர் உயிர் நீத்தனர் என்று கல்லில் வெட்டினர். பெயரேட்டின் தொகையே சிறிது சுருக்கப்பட்டுக் கல்லேறியது. மாண்ட அயர்லாந்தினர் ஏறத்தாழ 35,000 பேர் எனப் பிற்கால ஆய்வாளர் பலர் கணிக்கின்றனர். ஆனால் கல்லில் வெட்டிய எண்ணை மாற்றுவது எளிதன்று. அப்பூங்காவே பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, சீர்செய்யப்பட்டு, 1988ஆம் ஆண்டில்தான் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. பெயரேட்டின் தொகுதிகள் அங்குள்ள நூலறைகளில் வைக்கப்பட்டுள்ளன.

முன்னோரைத் தேடுவோர்க்கு இதனால் விளையும் இடர் யாது? தம் குடும்பப் பெயரை இவ்வேட்டில் கண்டவுடன் அவர் தம்மவரே என்று கொண்டுவிடுவர். மர்பி, கெல்லி, பைர்ன் போன்ற குடிப்பெயர்களும் ஜான், பேட்ரிக், தாமஸ் போன்ற இயற்பெயர்களும் அயர்லாந்தில் எண்ணிறந்தன. ஒரே படைப்பிரிவில் ஒரே பெயருடையோர் பலர் இருந்தனர். பெயரை ஒலித்தபடி எழுத்தர் எழுதியதால் எழுத்துகளும் வேறுபடும். சிலர் வேறு பெயரில் சேர்ந்தனர். சிலர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். பெயர் ஒன்றே என்பது ஆள் ஒருவரே என்பதற்குச் சான்றாகாது.

இரு தீ

இத்தனை ஐயங்களையும் தீர்க்கவல்ல ஏடுகள் ஒரு காலத்தில் இருந்தன. அவற்றுள் பெரும்பகுதியை இரண்டு தீக்கள் தின்றுவிட்டன. முதல் தீ 1922 சூன் 30 அன்று டப்ளினில் மூண்டது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் போர் கோர்ட்ஸ் என்னும் நீதிமன்ற வளாகம் தாக்கப்பட்டபோது, அங்கிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்குகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1861, 1871, 1881, 1891 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்குகளையோ அரசே முன்னர் அழித்துவிட்டது. முழுமையாக எஞ்சியவை 1901, 1911ஆம் ஆண்டுகளுக்கு உரியவை.

இரண்டாம் தீ 1940 செப்டம்பரில் இலண்டனில் மூண்டது. செர்மானிய வானூர்திகள் வீசிய குண்டுகளால் வால்வொர்த் பகுதியிலிருந்த படைத்துறைக் கிடங்கு எரிந்தது. முதல் உலகப் போர் வீரர்களின் பணிப்பதிவுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு அழிந்தது. எஞ்சியவை ஓரங்கள் கருகி, நீரில் நனைந்து கிடைத்தன. 'எரிந்த ஆவணங்கள்' என்றே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. ஒரு வீரரின் தாளில் நடுவில் உள்ள வரி கிடைக்கும். பெயர் இருக்க வேண்டிய மூலை கரிந்து போயிருக்கும்.

ஓலைச்சுவடி படித்தோர்க்கு இந்நிலை புதிதன்று. ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு விடுவது நல்ல பதிப்பாசிரியரின் இயல்பு. தம் சொல்லை இட்டு நிரப்பி அதை மூலம் எனக் காட்டுவது நேர்மையன்று. முன்னோரைத் தேடுவோரும் இவ்வறத்தையே பின்பற்றல் வேண்டும்.

புகழ நினையாத ஏடுகள்

அவ்வாறாயின் தேடலே வீணோ எனின், வீணன்று. பெருநூலும் பெரும்படமும் கைவிட்ட இடத்தில், ஒருவரும் அழகு நோக்கி எழுதாத சிறு ஏடுகள் துணைநிற்கின்றன.

பதக்க அட்டை அவற்றுள் ஒன்று. எந்த வீரருக்கு எந்தப் பதக்கம் தரவேண்டும் என்று கணக்கு வைப்பதற்காக எழுத்தர்கள் எழுதியது அது. பெயர், படை எண், இருந்த பிரிவுகள், சிலருக்கு முதன்முதல் போர்க்களம் புகுந்த நாள் ஆகியன அதில் உள. வால்வொர்த் தீயில் அழியாமல் இலட்சக்கணக்கான அட்டைகள் எஞ்சின. பதக்கத்தின் விளிம்பிலும் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டதால், பேழையில் கிடக்கும் பதக்கமும் காப்பகத்து அட்டையும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கின்றன.

இறந்த வீரருக்குச் சேரவேண்டிய பணத்தை யாரிடம் கொடுத்தனர் என்று குறிக்கும் பதிவேடு மற்றொன்று. எத்தனை பவுன், எத்தனை ஷில்லிங், எத்தனை பென்ஸ் என்ற வறண்ட கணக்கு அது. ஆனால் பணம் பெற்ற தாயின் பெயரோ மனைவியின் பெயரோ அங்குதான் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான ஜான் மர்பிகளுள் இன்ன தாயின் மகன் எனத் தெளிய அந்த ஒரு பெயர் போதுமானது. அவ்வாறே, வீரர்கள் படைக்குறிப்பேட்டில் எழுதிவைத்த இறுதி விருப்ப ஆவணங்கள் ஏறத்தாழ 9,000 அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பல, ஓரிரு வரிகளே. தம் உடைமை அனைத்தும் அன்னைக்கு என எழுதிக் கையெழுத்திட்ட இளைஞர்க்கு உடைமை என்று எதுவும் இருந்திராது. கையெழுத்தின் நடுக்கத்தில் மட்டும் அவர் முகம் சற்றே தெரிகிறது.

1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கும் அத்தகையதே. குடும்பத் தலைவர் தம் கையாலேயே நிரப்பிய தாள் பல இடங்களில் கிடைக்கிறது. மக்களின் வயது, சமயம், எழுத்தறிவு, தொழில், பேசும் மொழி, திருமணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்பன அதில் உள. ஆனால் அதே குடிக்கணக்கில் படைக்குடியிருப்பில் இருந்த வீரர்களின் பெயர்கள் தலைப்பெழுத்துகளாக மட்டுமே குறிக்கப்பட்டன. வீட்டில் பெயரோடு இருந்தவன் பாசறையில் இரண்டு எழுத்தாகிவிட்டான்.

இவ்வேடுகளின் சிறப்பு யாதெனின், இவை எவரையும் புகழவில்லை, எவருக்காகவும் அழவில்லை. எனவே எதையும் மிகைப்படுத்தவும் இவற்றுக்குக் காரணமில்லை. எழுத்தரின் கைப்பிழை உண்டு. எழுதியவரின் ஆசை இல்லை. பெயரேடு துயரத்தால் பெருகியது, நிழற்படம் விருப்பத்தால் நிமிர்ந்து நின்றது, கணக்கேடு கணக்கிட்டது. முன்னோரை உறுதியாகக் காண்பதற்கு இம்மூன்றும் வேண்டும். முதலில் நம்பத்தக்கது கணக்கேடே.

இணைப்பின் பொறுப்பு

பெல்ஜியம் நாட்டில் போல்கபெல்லே என்னும் ஊரில் உள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் பள்ளி மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வருவதுண்டு. அங்கு ஒரு கல்லில், வாட்டர்போர்ட் நகரத்து ஜான் கான்டன், ராயல் ஐரிஷ் ரெஜிமெண்ட், மறைந்த நாள் 1915 மே 24, வயது 14 என்ற செய்தி உள்ளது. போரில் மாண்ட மிக இளைய பிரிட்டிஷ் வீரர் அவர் எனப் பலகாலம் கூறப்பட்டது. பதினான்கு வயதுப் பிள்ளையின் கல்லறை முன் கண் கலங்காதார் இல்லை.

ஆயினும் ஆய்வாளர்கள் பிறப்புப் பதிவை எடுத்துப் பார்த்தபோது அவர் 1896-இல் பிறந்தவர் எனத் தெரிந்தது. அவ்வாறாயின் இறக்கும்போது வயது 18. அதனினும் பெரிய ஐயம் ஒன்று எழுந்தது. அங்குக் கிடைத்த உடல் அவருடையது என்று முடிவு செய்ததற்கு அடிப்படை, படை எண்ணும் 'ஆர்.ஐ.ஆர்.' என்ற சுருக்கமும் பொறித்த காலணித் துண்டு ஒன்றே. அச்சுருக்கம் ராயல் ஐரிஷ் ரெஜிமெண்டையும் குறிக்கும். ராயல் ஐரிஷ் ரைபிள்ஸையும் குறிக்கும். அந்த எண்ணையே உடைய மற்றொரு வீரர் பின்னைய பிரிவில் இருந்தார் என்றும், உடல் அவருடையதாகலாம் என்றும் சில ஆய்வாளர் வாதிட்டனர். கல்லறை ஆணையம் பழைய அடையாளத்தையே நிலைநிறுத்தியுள்ளது.

இவ்வழக்கில் யார் சொல்வது சரி என்பதைக் காட்டிலும், இதில் அடங்கிய அறம் நோக்கத்தக்கது. ஒரு கல்லில் தவறான பெயரை வெட்டினால், பெயர் பெற்றவருக்கு நேரும் தீங்கு சிறிது. அங்கு உண்மையில் கிடக்கும் வேறொருவர் தம் பெயரை இழக்கிறார். அவருடைய குடும்பம் தன் மகனை இழந்ததோடு மகனின் இடத்தையும் இழக்கிறது. பேழையில் கிடக்கும் படத்தின் பின்புறத்தில் ஆர்வத்தால் ஒரு பெயரை எழுதிவிடுவோரும் இதையே செய்கின்றனர். அடுத்த தலைமுறை அவ்வெழுத்தை மூலச் சான்றாகக் கொள்ளும். ஐயம் மறைந்து, பிழை நிலைபெறும்.

முடிப்பு

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். போர்க்கள நிழற்படம் ஒரு காலத்தின் முகத்தைக் காட்டுவதில் நிகரற்றது. ஒரு மனிதரின் பெயருக்கு அது சான்றாகாது. நினைவுப் பதிவேடு இரங்கல் நூலாக உயர்ந்தது. கணக்கு நூலாகக் குறையுடையது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலம், எழுத்தர்கள் வறண்ட கையால் எழுதிவைத்த அட்டைகளும் கணக்குகளும் குடிக்கணக்குத் தாள்களுமே ஆகும். 2022ஆம் ஆண்டில், எரிந்த டப்ளின் காப்பகத்துக்கு ஈடாகப் பிற நாடுகளில் சிதறிக் கிடந்த படிகளைத் திரட்டிக் கணினி வழிக் கருவூலம் ஒன்றை அயர்லாந்தினர் அமைத்தனர். அங்கும் திரட்டப்பட்டவை பெரும்பாலும் இத்தகைய எளிய ஏடுகளே.

தமிழர் தம் பண்டை நடுகற்களில் வீரனின் உருவத்தையும் அவன் பெயரையும் ஒரே கல்லில் பொறித்துவைத்தனர். முகமும் பெயரும் பிரிந்துபோகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும். அயர்லாந்துக் குடும்பங்கள் இன்று பொறுமையோடு செய்ய முயல்வது, பிரிந்துபோன அவ்விரண்டையும் மீண்டும் சேர்க்கும் பணியே. இத்தேடலை ஆராயும் மாணவர் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. சான்று உள்ள அளவுக்கே பெயரெழுத வேண்டும். சான்று நின்றுவிடும் இடத்தில் எழுதுகோலும் நிற்க வேண்டும். அங்கு 'இவராக இருக்கலாம்' என்று எழுதி, அவ்வாறு கருதியதன் காரணத்தையும் எழுதி, நாளும் இட்டுவைத்தால் போதும். பின்வருவோர் அதைச் சரிபார்ப்பர். படத்தில் நிற்கும் இளைஞர் நூறாண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். தமக்குரிய பெயர் கிடைக்கும்வரை இன்னும் சிறிது காலம் காத்திருப்பார்.